சுபாஜினி சீட்டைக் காட்டவில்லை

1

"காட்டிட்டுத்தான் போயேன், அதுல உனக்கு என்ன கொறஞ்சு—"

"அவன் சீட்டைப் போட்டுட்டுப் போயிட்டாண்ணே, நான் எதுக்கு—"

"அவனை விடு. உங்கூடப் பொறந்தவன் கேக்குறேன்—"

"கூடப் பொறந்தவனுக்குன்னு மேசையில தனிக் கதிரை போட்டிருக்காங்களா?"

"ராசா வச்சிருந்தியா, இல்லியா? அதை மட்டும் சொல்லு."

"தேத்தண்ணி ஆறுது. குடி."

இந்தக் கதை எனக்கு இப்படி நடுவிலிருந்துதான் கிடைத்தது. சண்டையின் முன்பாதி என் குக்கர் விசிலில் போய்விட்டது.

இலங்கை மலைநாட்டின் பதுளையில், பசார் வீதியில் எங்களுடையது பழைய கடை வீடு. கடை எப்போதோ மூடியாயிற்று. பின்னறையை வாடகைக்கு விட்டிருக்கிறேன். அந்த அறைக்கும் என் சமையலறைக்கும் நடுவில் பலகைச் சுவர். அந்தப் பக்கம் இருப்பவர்கள் தினேஸும் அவன் தங்கை சுபாஜினியும். எல்ல என்கிற ஊர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர்கள். அவன் ஆட்டோ ஓட்டுகிறான். அவள் காமிலின் கைபேசிக் கடையில் பழுது பார்க்கிறாள். கடைக்குப் போகும் முன், விடிந்ததும் கொஞ்ச நேரம் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்களுடன் போக்கர் ஆடுவாள். நமக்கு விடியும்போது அமெரிக்காவில் பொழுது சாய்ந்து, வேலை முடிந்த ஆட்கள் களைத்துப்போய் இருப்பார்களாம். அதுதான் அவளுக்குத் தோதான நேரம்.

(ஒளிந்து கேட்டேன் என்று நினைக்க வேண்டாம். பலகைச் சுவர் உள்ள வீட்டில் ஒளிவதற்குத் தேவையே இல்லை.)

ஒரு காலத்தில் நான் வானொலிக்கு நாடகம் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தவள். கதை எனக்குக் குரலாகத்தான் வரும். முகம் பிறகு வரும், சில சமயம் வரவே வராது. ஆகவே இதில் யாருடைய மூக்கு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள்.

2

முதல் தொடக்கம்: *பனி விலகாத ஒரு காலையில், தேயிலைச் சரிவுகள்*—

வேண்டாம். பனி விலகாத காலையில் தொடங்கிய மலைநாட்டுக் கதைகளை அடுக்கினால் நமுனுகல மலையை விட உயரமாக நிற்கும்.

இரண்டாம் தொடக்கம்: *சூது குடியைக் கெடுக்கும் என்பார்கள். ஆனால் சுபாஜினி*—

இதுவும் சரியில்லை. அந்த 'ஆனால்' சூதாட்டத்துக்கு வக்காலத்து வாங்குகிறது. எனக்கு அந்த வேலை தெரியாது. அவளிடமே போய்க் கேட்டேன்.

"காலையில என்ன சண்டை?"

"சண்டை இல்லீங்க மொதலாளியம்மா. அண்ணனுக்கு ஒரு சீட்டைப் பாக்கணுமாம்."

(கடை போய்விட்டது. முதலாளியம்மா மட்டும் போகவில்லை.)

"காட்டினா என்ன? ஆட்டம் முடிஞ்சுதானே போச்சு."

"இன்னைக்குக் காட்டினா நாளைக்கும் பின்னால வந்து நிக்கும். யாராவது பாத்துக்கிட்டே இருந்தா வெறுங்கையோட காசு ஏத்துறதுக்கு வெக்கமா இருக்கும். வெக்கம் வந்துட்டா நல்ல சீட்டு வந்தாத்தான் ஏத்துவேன். அப்புறம் நானும் அண்ணன் மாதிரிதான்."

ஆட்டத்தை அறியாதவர்களுக்கு, நான் விளங்கிக்கொண்ட அளவில்: ஆளுக்குச் சில சீட்டு மறைவாக இருக்கும், சில சீட்டு எல்லாருக்கும் பொதுவாக நடுவில் விழும். சுற்றுக்குச் சுற்று காசை ஏற்றலாம். ஈடுகொடுக்க விருப்பமில்லாதவர் சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம். கடைசிவரை இருவர் நின்றால் திறந்து காட்ட வேண்டும். பெரிய சீட்டு வெல்லும். மற்ற எல்லாரும் விலகிவிட்டால், மிஞ்சியவர் எதையும் காட்டாமலே நடுவில் கிடப்பதை எடுத்துக்கொள்ளலாம். அவர் கையில் ராசா இருந்ததா, குப்பை இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. கேட்க உரிமையும் இல்லை. தினேஸ் கேட்டது அந்த இல்லாத உரிமையைத்தான்.

அவள் திரையில் ஒரு வரைபடம் காட்டினாள். மூன்று கோடுகள்.

"நீலம், கடைசியில சீட்டைக் காட்டி வந்தது போனது. சிவப்பு, காட்டாம வந்தது போனது. நான் போட்டுட்டு விலகின காசும் இந்தச் சிவப்புலதான் கழியும். பச்சை, ரெண்டையும் கூட்டினது."

"உன் சிவப்பு மேல போகுதே."

"கொஞ்சம் மேல. நெறையப் பேருக்குக் கீழதாங்க போகும். நல்லா ஆடுறவங்களுக்கும் கீழ போறதுதான் அதிகம். சும்மா ஒக்காந்திருந்தாலும் மொறைக்கு மொறை கட்டாயமா நடுவுல வைக்கிற சில்லறை போயிக்கிட்டே இருக்கும்ல."

"அப்போ சிவப்பு ஏறுறவங்கதான் கெட்டிக்காரங்களா?"

"அப்படித்தாங்க அண்ணனும் நெனச்சுச்சு."

3

தினேஸைப் பற்றி எழுதும்போது எனக்கு ஒரு தயக்கம். தங்கையைப் பெரிதாகக் காட்ட அண்ணனைச் சிறிதாக்குகிறேனோ என்று. அவன் முட்டாள் அல்ல. அவனும் ஆடுவான், மாலையில், தன் கைபேசியில். நல்ல சீட்டு வரும்வரை பொறுத்திருப்பான். வந்தால் கடைசிவரை நின்று திறந்து காட்டுவான். அவன் நீலம் அழகாக ஏறும். காத்திருக்கிற நேரமெல்லாம் சில்லறை கரைந்து, மழைநாளில் பசறை பஸ் இறங்குகிற மாதிரி சிவப்பு வளைந்து வளைந்து இறங்கும். இரண்டையும் கூட்டினால் கிடைப்பது ஒரு தேத்தண்ணிக் காசு.

தங்கையின் சிவப்பைப் பார்த்துவிட்டு அவனும் மாறினான். எது வந்தாலும் ஏற்றினான். அதன் முடிவைப் பலகைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"செவப்பு ஏறுச்சா இல்லியா? அதைச் சொல்லு."

"ஏறுச்சு. நீலம் எங்க?"

"அது கொஞ்சம்—"

"கொஞ்சமா? அதைத் தேட கெணத்துலதான் எறங்கணும். வெறுங்கையோட ஏத்துறப்ப சில பேரு ஓடுனாங்க, செவப்பு ஏறுச்சு. நின்னவங்ககிட்ட எல்லாம் அந்த வெறுங்கையை விரிச்சுக் காட்டியிருக்க, நீலம் விழுந்துருச்சு. ரெண்டும் தனித்தனிப் பையில இருக்குற காசா? பச்சையைப் பாருண்ணே."

"அந்தப் பிரேசில்காரன் மட்டும் போட்டுட்டுப் போயிருந்தா..."

"அவன் எதையும் போட மாட்டான். என்ன வச்சிருக்கேன்னு பாக்குறதுக்குத்தான் அவன் வந்து ஒக்காந்திருக்கான். பயமே தெரியாதவன்கிட்டப் போயி பூச்சாண்டி காட்டினா?"

"அப்ப நீ யாருகிட்ட காட்டுற?"

"இழக்கறதுக்கு எதாச்சும் வச்சிருக்கவங்ககிட்ட."

அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதி வைத்துக்கொண்டு நான் நெடுநேரம் யோசித்தேன். காட்டாமல் வெல்வது வெற்றிக்கு அடையாளமா? சிவப்பு தனியாக எதையும் சொல்வதில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அது ஏறினால் ஆள் துணிந்தவர் என்று தெரியும். கெட்டிக்காரரா என்பதை அறியப் பச்சையைத்தான் பார்க்க வேண்டும். சிவப்பு சரிந்தும் பச்சை ஏறுகிறவர்கள் நிறைய. சிவப்பை ஏற்றுவதே குறியாக இருந்து பச்சையைத் தொலைத்தவர்களும் நிறைய. சுபாஜினியிடம் நான் மெச்சுவது கோடுகளை அல்ல. எதிரில் இருப்பவர் விலகக்கூடியவரா என்று அவள் பார்க்கிற பார்வையை. விலக மாட்டார் என்று தெரிந்தால் தன் சீட்டைத் தானே போட்டுவிட்டு, முகம் கோணாமல் மடிக்கணினியை மூடி, தலை சீவிக்கொண்டு கடைக்குப் போவாளே, அதையும் சேர்த்து.

(இந்தப் பத்தி கட்டுரை மாதிரிப் போய்விட்டது. விட்டுவைக்கிறேன். அடுத்ததில் ஆட்கள் பேசுவார்கள்.)

4

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒரு கேள்வி வந்தது: இதில் யாருக்கு என்ன போகப் போகிறது?

போக இருந்தது ஒரு காம்பரா.

தினேஸ், சுபாஜினி இருவரின் தாய் பெரியாயி. தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பராவில், ஒற்றை அறையில், தனியாக இருக்கிறார். அதன் வாசலில் நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். வெள்ளைக்காரப் பயணிகள் தங்க அதை விடுதியாக்கலாம் என்று யாரோ துரைக்கு* யோசனை சொல்லியிருக்கிறார்கள். குடும்பத்தில் ஒருவர் பெயராவது வேலையாள் பதிவில் இருந்தால் காம்பரா அவர்களுக்கு, இல்லையென்றால் இல்லை. பெரியாயிக்குப் பிறகு யாரும் பதியவில்லை. மாத முடிவில் காலி செய்யச் சொல்லி ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

பலகைக்கு அந்தப் பக்கம்:

"சங்கத்துக்குப் போவோம். கேஸ் போடுவோம். அப்பா செத்தது அந்த மலையில. அதை விடப் பெரிய நியாயம் என்ன வேணும்?"

"நியாயம் பெருசுதாண்ணே. கேஸு முடியுறப்ப அம்மா எங்க இருக்கும்?"

"அதுக்காக? கையில இருக்குறதைத் தெறந்து காட்டி நேரா மோதணும்."

"உன் நீலக் கணக்கை இங்கயும் கொண்டுவராத."

"நீ என்ன பண்ணப் போற?"

அடுத்த நாள் காலை அவள் மடிக்கணினியைத் திறக்கவில்லை. முதல் பஸ்ஸில் தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

* தோட்டத்து மானேஜர். வெள்ளைக்காரர்கள் போய் எவ்வளவோ காலமாயிற்று. சொல் மட்டும் பங்களாவிலேயே தங்கிவிட்டது.

5

இனி வருவதை நான் நேரில் கேட்கவில்லை. பெரட்டுக் களத்தில் நின்ற, கொழுந்து பறிக்கும் இராக்கம்மா சொன்னது. வேலைக்குப் போகுமுன் காலையில் ஆட்கள் கூடி, இன்ன மலைக்கு இன்னார் என்று பிரித்து விடுகிற இடம் அது. இராக்கம்மா பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்தபோது என் சமையலறையில் உட்கார்ந்து ஒவ்வொருவர் குரலிலும் பேசிக் காட்டினார். எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

சுபாஜினி தாயின் பழைய கூடையை முதுகில் போட்டு, கயிற்றைத் தலையில் மாட்டி, இடுப்பில் படங்கு கட்டி வந்து வரிசையில் நின்றிருக்கிறாள். படங்கு என்பது தேயிலைக் கிளை கிழிக்காமல் இருக்க இடுப்பில் சுற்றிக்கொள்ளும் முரட்டுச் சாக்கு. அதன் முடிச்சைப் பக்கவாட்டில் போடுவார்கள். பின்னால் போட்டால் கூடை உரசி, பொழுது ஏறுவதற்குள் முதுகுத் தோல் போய்விடும். ஒரு நாளாவது மலை ஏறியவள் அப்படிக் கட்ட மாட்டாள்.

"புள்ள பின்னால முடிச்சுப் போட்டிருக்கு, மொதலாளியம்மா. கணக்கப்புள்ள பாத்தா அவ்வளவுதான். நான் அவ பின்னால போயி ஒட்டி நின்னுக்கிட்டேன். மத்தவளுகளும் பாத்துட்டாளுக. ஒவ்வொருத்தியா பின்னால வந்து நின்னாளுக. சாமி கும்புட நிக்கிற மாதிரி."

அன்று மழைக்குப் பின் கொழுந்து கூடியிருந்த நாள். ஒரு நாள் பறிக்காமல் விட்டால் முற்றிப்போகும். அது போதாதென்று காம்பராவைப் பார்க்கக் கொழும்பிலிருந்து வந்த இருவர் துரையின் ஜீப்பில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டும் சுபாஜினிக்குத் தெரியும்.

"யாரு இது?" என்றார் துரை.

"பெரியாயி மக சார்," என்றார் கங்காணி.

"என்ன வேணும்?"

"பேரு பதியணும் சார்."

"நீ ஏ.எல். பரீட்சை வரைக்கும் படிச்ச புள்ளதானே?"

"ஆமாங்க சார். பேரை நானே எழுதிக் குடுத்துடுவேன். உங்களுக்குச் செரமம் இல்ல."

பெண்கள் சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை.

"கொழுந்து எடுக்கத் தெரியுமா?"

"அம்மாவுக்கு மட்டும் பொறக்குறப்பவே தெரியுமா சார்?"

கணக்கப்பிள்ளை துரையின் காதோரம் குனிந்தார். அவர் கிசுகிசுப்பு எப்போதும் களம் முழுக்கக் கேட்குமாம்.

"சார், இது உள்ள வந்தா தெனமும் தராசுப் பக்கத்துல வந்து நிக்கும். தண்ணிக்கு எவ்வளவு கழிக்கிறீங்க, கூடைக்கு எவ்வளவு கழிக்கிறீங்கன்னு கேக்கும்."

துரை கடிகாரத்தைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார்.

"இன்னைக்கு முடியாது. திரும்பிப் போகச் சொல்லு."

அப்போது இராக்கம்மா வாயைத் திறந்தார். மலையில் முதல் பிடிக் கொழுந்தைக் கூடையில் போடும்போது விளைச்சல் பெருகட்டும் என்று 'பொலியோ பொலி' சொல்லித்தான் தொடங்குவார்கள். மூத்தவர் சொல்ல, மற்றவர்கள் வாங்கிச் சொல்வார்கள். அந்தத் தோட்டத்தில் சொல்கிறவர் இராக்கம்மா.

"கூடையோட வந்தவளைத் திருப்பி அனுப்பிட்டு நான் எந்த வாயால பொலி சொல்லுவேன், தொரை?"

யாரும் நகரவில்லை. கொழுந்து மலையில் நின்றது.

"பேரெல்லாம் இப்ப வேணாம்," என்றார் துரை. "வீட்டுக்குப் போ."

"எந்த வீட்டுக்கு சார்?"

"உங்கம்மா வீட்டுக்கு."

"அது இருக்குங்களா சார்?"

இராக்கம்மா இந்த இடத்தில் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்ப்பதை நிறுத்தினேன்.

"இருக்கு," என்றார் துரை. எல்லார் காதிலும் விழும்படியாக.

ஜீப்பில் இருந்தவர்களைப் பழைய பிள்ளைக் காம்பராவுக்குக் கூட்டிப் போனார்களாம். தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. வெகு நாளாகப் பூட்டிக் கிடந்தது. அங்கிருந்தும் பள்ளத்தாக்கு தெரியத்தான் செய்கிறது.

6

இப்போது துரையைப் பற்றிச் சந்தேகம் வருகிறது.

அவரை ஏமாந்தவராக எழுதினேன்: *துரையின் நெற்றியில் வியர்வை*— அடித்துவிட்டேன். அவர் முடிச்சைப் பார்த்திருக்கலாம். பார்த்தும் போகட்டும் என்று விட்டிருக்கலாம். பெரியாயி பறித்த கொழுந்தை அவர் நினைத்துப் பார்த்திருக்கலாம். ஜீப்பில் இருந்தவர்கள் முன்னால் கலாட்டா வேண்டாம் என்பது மட்டுமே காரணமாகவும் இருக்கலாம். விலகுகிறவரும் தன் சீட்டைக் காட்டுவதில்லையே. காட்டாமல் வென்றவருக்கு வெற்றி கிடைக்கும். ஏன் கிடைத்தது என்பது கிடைக்காது.

அதை விடப் பெரிய சந்தேகம் சுபாஜினியைப் பற்றியது. துரை அன்று பேனாவை எடுத்து அவள் பெயரைப் பதிந்திருந்தால்?

முடிவு ஒன்று: அவள் மலை ஏறியிருப்பாள். இதற்குச் சாட்சி உண்டு. முந்தின நாளே காமிலிடம், "நாளையில இருந்து நான் வராமப் போனாலும் போவேன், வேற ஆள் பாத்து வைங்க" என்று சொல்லியிருக்கிறாள். காமில் என்னிடம் சொன்னார். வெறுங்கையோடு வந்தவள் இருக்கிற வேலையை எதற்கு விட வேண்டும்? இப்படி முடித்தால், *அவள் முதல் பிடிக் கொழுந்தைக் கிள்ளி*—

முடிவு இரண்டு: ஏறியிருக்க மாட்டாள். இதற்கும் சாட்சி உண்டு. அந்த முடிச்சு. உண்மையிலேயே மலை ஏற நினைத்தவள், கூடையை எடுக்கும்போது பெற்ற தாயிடம் படங்கை எப்படிக் கட்டுவது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாளா?

(காமிலிடம் சொன்னதும் ஆட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்று தினேஸ் சொல்கிறான். எல்ல, பதுளை இரண்டிடத்திலும் ஒரே பேச்சு உலவ வேண்டும் என்று. அவன் இப்போது கொஞ்சம் நன்றாக ஆடுகிறான்.)

நான் இரண்டையும் எழுதிப் பார்த்தேன். முதலாவதை எழுதினால், மகள் கூடையைத் தொடக் கூடாது என்று மழையிலும் அட்டைக்கடியிலும் நின்ற பெரியாயியின் உழைப்பு அந்த ஒரு வரியில் போகிறது. இரண்டாவதை எழுதினால், அந்தத் தாய் படுத்திருக்கிற கூரையை மகள் ஒன்றுமில்லாத கைமேல் வைத்து ஆடியதாகிறது. எதைக் காட்டினாலும் ஒருவருக்கு வலிக்கும். அவள் காட்டாமல் வைத்திருப்பதில் சாமர்த்தியத்தை மட்டுமே கண்டு மெச்சிக்கொண்டிருந்தேன். வேறொன்றும் அதில் இருக்கிறது என்று இதை எழுதும்போதுதான் பட்டது. அதற்குப் பெயர் வைக்கப் போவதில்லை.

7

ஞாயிற்றுக்கிழமை. பெரியாயி தோட்டத்திலிருந்து வந்திருக்கிறார். வரும்போது எனக்கும் ஒரு பை சவ்சவ் கொண்டு வந்தார். இப்போது பலகைக்கு அந்தப் பக்கம் மகனோடும் மகளோடும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நான் எழுதிக்கொண்டே கேட்கிறேன், கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். இங்கே ஒரு முக்காலி இருக்கிறது. நீங்களும் உட்காரலாம்.

"இன்னொரு வாய் போட்டுக்கம்மா."

"போதும் ஆத்தா. கூரைத் தகரம் ஒரு மூலையில ஒழுகுது, சொல்லலாம்னு நெனச்சேன்."

"அண்ணன் வந்து பாக்கும்."

"நான் ஏன் பாக்கணும்? காம்பராவை ஜெயிச்சவ பாக்கட்டும்."

"அவளுக்கு முடிச்சே போடத் தெரியாது, தகரம் எங்க அடிக்கப் போறா," என்றார் பெரியாயி. மூவரும் சிரித்தார்கள். பிறகு தட்டு அடுக்குகிற சத்தம்.

"தினேசு, நீ கொஞ்சம் வெளிய போயிட்டு வா."

"ஏம்மா?"

"போன்னா போ."

கதவு. செருப்பு. அவன் முற்றத்தில் ஆட்டோவைத் துடைக்கத் தொடங்குகிறான். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

என் குக்கர் விசிலடிக்கப் போகிறது. இந்த முறை அதை விடக் கூடாது. அடுப்பை அணைத்துவிட்டேன்.

"சுபா."

"சொல்லும்மா."

"நான் கோவிச்சுக்க மாட்டேன். ரெண்டுல எதைச் சொன்னாலும் கோவிச்சுக்க மாட்டேன். அந்தத் தொரை அன்னிக்கி பேனாவை எடுத்து உம் பேரை எழுதியிருந்தாரு, வச்சுக்க. மலைக்குப் போயிருப்பியாத்தா?"